குழுத் தலைவர் யார், துடைப்பம் யார் கையில்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் நம் ஊர்களில் இன்னும் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த தகப்பன், ஆசிரியர் முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வார்: "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார், படிச்சாப் போதும்." நம்மில் பலர் இந்தப் பேச்சைக் கேட்டபடிதான் வகுப்பறைக்குள் நுழைந்தோம். அதைச் சொன்னவருக்குப் பிள்ளை மேல் கோபம் எதுவும் இல்லை. தனக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்காவது கிடைக்கட்டும், அதற்கு என்ன விலை கொடுக்கவும் தயார் என்ற தவிப்புதான்.

அந்தப் பேச்சுக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2003-லேயே தமிழ்நாடு கல்வி விதிகளில் திருத்தம் செய்து பிரம்படி தடை செய்யப்பட்டது. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-வது பிரிவில் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது.

ஆசிரியர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை என்கிறார்கள். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. ஏழாம் வகுப்புப் பையன் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறான், கேட்டால் வீட்டிலிருந்து ஆள் வருகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகவே ஒரு தரப்பு 'கண்டிப்பு வேண்டும்' என்கிறது. இன்னொரு தரப்பு 'பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கற்கட்டும்' என்கிறது. இரு தரப்பும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. கண்டிப்பு யார் முதுகில் விழுகிறது, மகிழ்ச்சி யார் பங்குக்குப் போகிறது?

ஆறாம் வகுப்பில் தொடங்கும் ஊர்

திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களின் அமைப்பைப் பாருங்கள். வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, ஆத்தூர் வட்டாரங்களில் காலனி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். காலனிக்குள்ளேயே ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி இருக்கிற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் தங்கள் தெருப் பிள்ளைகளோடுதான் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போகிறார்கள். அன்றுதான் முதன்முறையாக எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். வயது பதினொன்று. தான் யார், அடுத்தவன் யார் என்று பிள்ளை தேட ஆரம்பிக்கிற வயது அது. அந்தத் தேடலுக்குப் பள்ளி பதில் சொல்லாவிட்டால் தெருமுனை சொல்லிவிடும்.

'கட்டுப்பாடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் அதற்கு ஒழுக்கம் என்று பொருள். நம் பிள்ளைகள் அதை வேறோர் அர்த்தத்தில் முதலில் கேட்டுவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் தர மறுத்தார். அவர் சொன்ன காரணம், ஊர்க் கட்டுப்பாடு. அதை அவரே வீடியோவும் எடுத்தார், பிறகு கைது செய்யப்பட்டார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் அவர்கள். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் 'கட்டுப்பாடாக இருங்கள்' என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கட்டுப்பாடு நினைவுக்கு வரும்?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டதை நாடே பார்த்தது. வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரிவாளாக வெளியே வந்தது, ஆறாம் ஏழாம் வகுப்பில் கயிறாகவும் கேலியாகவும் இருந்திருக்கும் என்றே நாம் நினைக்கிறோம். அதற்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதிப் பெயர் கூடாது என்பவை செய்திகளில் பெரிதாக வந்தன. பேசப்படாமல் போன சின்னப் பரிந்துரைகள்தான் வகுப்பறைக்கு நெருக்கமானவை. இருக்கைகளை அகர வரிசையில் ஒதுக்குங்கள் என்றது அறிக்கை. வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டும் குறிப்பு இருக்கக் கூடாது என்றது. உதவித்தொகை விவரத்தை எல்லார் முன்னாலும் அறிவிக்காதீர்கள் என்றது. 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு' என்ற குரலைக் கேட்டு எழுந்து நின்றவர்களுக்கு இந்த ஒரு பரிந்துரையின் எடை தெரியும்.

இவையெல்லாம் ஒழுங்கு விதிகள்தான். ஆனால் பிள்ளைகளை அடக்குவதற்கான விதிகள் அல்ல. வகுப்பறையை நடத்துகிற பெரியவர்களுக்கான விதிகள்.

அட்டையும் ஏணியும்

பாட்டு, விளையாட்டு, செயல்பாடு வழியாகச் சொல்லிக்கொடுப்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் பொருள்களைக் காட்டியும் விளையாட வைத்தும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையை அக்காலத்திலேயே கையாண்டார்கள். நம் தலைவர் எம்.சி.ராஜா ஆசிரியராக இருந்தவர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற குழந்தைப் பாடல் தொகுப்பிலும் அவர் பெயர் இருக்கிறது. சட்டமன்றத்தில் நமக்காக வாதாடியவர் சின்னப் பிள்ளைகளின் பாட்டைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார்.

நம் காலத்துக்கு வருவோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. அதன் அடுத்த படியாக ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. இன்று கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் பலர் அந்த அட்டைகளோடு வளர்ந்தவர்கள்தான்.

அதில் நமக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. முதலாவது, ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சாதாரண விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் அம்பேத்கர் பள்ளியில் உட்காருவதற்கு வீட்டிலிருந்து கோணிப்பை கொண்டுபோய், மாலையில் அதைத் திரும்ப எடுத்துவந்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில், ஒரே பாயில் ஆசிரியரும் பிள்ளையும் என்பது லேசான காட்சியல்ல.

இரண்டாவது, ஏணி. சுவரில் ஒட்டிய அந்தக் கற்றல் ஏணியில் பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறான் என்று தானே பார்த்துக்கொள்வான். நாலு நாள் வராமல் போனாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். வெங்காயம் அறுக்கப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டவள், செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்த் திரும்பியவன், விடியலில் மல்லிகை பறித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வந்தவள் என்று இவர்கள் எல்லாருக்கும் அந்த ஏணி ஒரு கைப்பிடி. 'நேத்து நடத்தினது தெரியாதா, வெளிய நில்லு' என்கிற வகுப்பில் அந்தக் கைப்பிடி இல்லை.

கவனியுங்கள், இந்த முறையை விளையாட்டு என்று சொன்னாலும் உள்ளுக்குள் கெட்டியான ஒழுங்கு இருந்தது. அட்டைக்கு எண், எண்ணுக்குச் சின்னம், சின்னத்துக்குப் படி, படிக்கு மதிப்பீடு. ஆறாம் வகுப்புக்கு மேல் வந்த படைப்பாற்றல் கல்வியிலும் படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், குழுவில் பேசுதல், மதிப்பீடு என்று வரிசை இருந்தது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்ட ஆசிரியர்களின் வகுப்பில் சத்தம் இருக்கும், குழப்பம் இருக்காது. 'குரூப்பா உக்காந்து படிங்க' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் ஆன்லைன் பதிவேற்றத்துக்குப் போய்விட்ட வகுப்பில் என்ன நடந்தது?

அங்கே ஊர் வந்து உட்கார்ந்தது. குழுத் தலைவர், வாய் பேசுகிற பெரிய வீட்டுப் பையன். மனவரைபடத்தை எழுதுவது கையெழுத்து நன்றாக இருக்கிற, ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்த பெண். முன்னால் போய் வாசிப்பது அவர்களில் ஒருவர். தண்ணீர் எடுத்து வருவது, பாய் சுருட்டுவது, சிதறிய தாளைப் பொறுக்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். ஆனால் வருடம் முழுவதும் ஒரு பிள்ளை ஒரு முறைகூட எழுந்து பேசாமலே எட்டாம் வகுப்பு முடித்துவிடும்.

2012-13ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். செயல்திட்டம் செய்தால் மதிப்பெண். நல்ல எண்ணம்தான். நம் ஊர்ப் பக்கம் அது எப்படி முடிந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு 'சார்ட் வேணும், தெர்மாகோல் வேணும்' என்று பிள்ளை அழும். டவுன் ஜெராக்ஸ் கடையில் படத்தை அச்செடுத்து ஒட்டிக்கொண்டு போனவனுக்கு முழு மதிப்பெண், காசில்லாமல் கையால் வரைந்தவளுக்குப் பாதி. அரசு இலவசமாகக் கொடுத்த படிப்புக்குக் கடையில் தனிக் கட்டணம்.

ஆகவே செயல்பாடு என்ற பெயரைக் கேட்டதும் நாம் கைதட்டிவிட முடியாது. பெரியவர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 'புத்தகத்தைக் குறைக்கிறோம், கைவேலை சொல்லித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் நம் வீட்டுக் கிழவிகள் சந்தேகமாகப் பார்ப்பது இதனால்தான். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஆசிரியர்கள் நினைத்துவிடக் கூடாது.

எல்லார் கையிலும் துடைப்பம்

சின்னாளபட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தை நாம் அறிவோம். 1947-ல் டாக்டர் சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. காந்தியின் ஆதாரக் கல்வியை நம் மண்ணில் நடத்திப் பார்த்த இடம். கைவேலை வழியாகப் படிப்பு, துப்புரவும் படிப்பின் பகுதி என்பது அந்தக் கல்வியின் அடிப்படை. காந்தியின் கல்விக் கருத்தோடு நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் இந்த ஒன்றில் அது தெளிவாக இருந்தது: துடைப்பம் எல்லார் கையிலும் வரும்.

2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில் நடந்ததை இதோடு ஒப்பிடுங்கள். அங்குள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்தது. ஒரு பிள்ளைக்கு டெங்கு காய்ச்சல் வந்து, எப்படி வந்தது என்று தாய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. தலைமையாசிரியர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? வீட்டில் சொல்லாத பிள்ளைகள் எத்தனை ஊரில் இருக்கின்றன?

பிள்ளைகள் சொல்வதில்லை. சொன்னால் 'நீ என்ன பண்ணுன' என்று வீட்டிலேயே முதல் அடி விழும். தோலை உரிக்கச் சொன்ன தகப்பனிடம் போய், தோலை உரித்தார்கள் என்று எந்தப் பிள்ளை முறையிடும்? இந்த இடத்தில் தவறு நம் பக்கமும் இருக்கிறது. ஒழுங்கைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஒழுங்கு என்று கேட்க வேண்டும். தாமதமாக வந்தால் என்ன, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் என்ன, சண்டை போட்டால் என்ன என்பது ஆண்டின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளோடு பேசி, தாளில் எழுதி, சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எழுதாத விதி எப்போதும் ஆளைப் பார்த்துத்தான் பாயும்.

2025 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறை வகுப்பறைகளில் 'ப' வடிவ இருக்கையைக் கொண்டுவரச் சொன்னது. கடைசி பெஞ்ச் என்பதே இருக்காது என்றார்கள். கழுத்து வலிக்கும், இடம் போதாது என்று எதிர்ப்பு வந்தது. சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். நமக்கு 'ப' ஆனாலும் சரி, வரிசை ஆனாலும் சரி. திங்கள்கிழமைதோறும் இடம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. குழுத் தலைவர் பதவியும், கரும்பலகை துடைக்கும் வேலையும், குப்பை அள்ளும் முறையும் பதிவேட்டு வரிசைப்படி எல்லாரையும் சுற்றி வந்துவிட்டால், பாதிப் பிரச்சினைக்குப் பிரம்பே தேவைப்படாது.

இதை ஒரு பைசா செலவில்லாமல் செய்யலாம். செய்கிற ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை, அவ்வளவுதான்.

மில் வேன் வருகிற வயது

ஏன் நடுநிலைப் பள்ளியை இவ்வளவு அழுத்திப் பேசுகிறோம்? கட்டாயக் கல்வி உரிமை பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்குக்குக் கீழேதான் வேலையை முழுவதுமாகத் தடுக்கிறது, அதிலும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஒரு கதவு சாத்துகிற நாளில்தான் இன்னொரு கதவு திறக்கிறது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலை வேன் எந்தத் தெருவில் வந்து நிற்கிறது என்று நமக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மில் விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' நம் மாவட்டத்தின் பெயரையும் கெடுத்தது.

எட்டாம் வகுப்பு முடிக்கும் பெண், 'எனக்குப் படிப்பு வரல' என்று சொல்லி வேனில் ஏறுகிறாள். படிப்பு வராதவள் அல்ல அவள். மூன்று வருடம் கேள்வி கேட்கப்படாமல், பதில் சொல்ல அழைக்கப்படாமல், கடைசி பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவள். சத்தம் போடாததால் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவள். அடிவாங்கி வெளியேறுகிற பையனைப் பற்றியாவது யாராவது பேசுகிறார்கள். இப்படி அமைதியாக வெளியேறுகிறவள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

அவளைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஏற்பாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு அறிவியல், கணக்குப் பரிசோதனைகளைக் கொண்டுவரும் 'வானவில் மன்றம்' 2022 நவம்பர் 28-ல் திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தப் பரிசோதனைப் பெட்டி நம் ஊர்ப் பள்ளியில் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் லென்ஸைக் கையில் பிடிப்பது யார், எட்டி நின்று பார்ப்பது யார்? வீட்டில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 'இன்னைக்கு என்ன படிச்ச' என்பதை விட 'இன்னைக்கு நீ என்ன பண்ணுன, யாரோட உக்காந்த' என்ற கேள்விக்கு நிறையப் பதில் வரும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஆட்கள் பெயர் அதில் இருக்கும், கையெழுத்தும் இருக்கும். ஆள்தான் கூட்டத்தில் இருப்பதில்லை. வேலைநாள் மதியத்தில் கூட்டம் வைத்தால் மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் போன தாய் எப்படி வருவாள்? ஒரு நாள் கூலி போகும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் கேளுங்கள். பள்ளிக்குள் முடியாதென்றால் ஒரு கூட்டத்தையாவது காலனிச் சமுதாயக் கூடத்தில் வையுங்கள் என்று கேளுங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவையும் சின்ன விஷயங்கள்தான். வகுப்பு விதிகள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா, இந்த மாதம் எந்தெந்தப் பிள்ளைகள் குழுத் தலைவராக இருந்தார்கள், கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருக்கிறார்களா, 'மாணவர் மனசு' பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது திறந்தார்கள்? சாவி காணவில்லை என்று பதில் வந்தால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்களையும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.